கரும்பலகைக் கணக்கில் நாங்களே ஏறி உட்கார்ந்த நாள்

தம்பதியாக ரோலர் கோஸ்டரில் ஏறிய கதைகளைப் பகிரும் இந்தக் குழுவில் பெரும்பாலோர் தேனிலவுக் காலத்துச் சவாரிகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இருவரும் முதன்முதலாக ரோலர் கோஸ்டரில் ஏறியபோது எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு 60 வயது, என் கணவருக்கு 63. நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள். அவர் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டு தொழில்களும் அன்றைய நாளில் எப்படி மோதிக்கொண்டன என்பது பின்னால் வரும்.

எங்களை இத்தனை காலம் தள்ளி நிறுத்தியது ஒரு பொருட்காட்சி ராட்டினம். ஊரும் பெயரும் வேண்டாம். கல்யாணமான புதிதில் ஏறினோம். நாங்கள் உச்சியில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. கீழே ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள், அது உறுமிவிட்டு அடங்குகிறது. காற்றில் தொட்டில் ஆட, என் கணவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் சேலைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு கந்தர் சஷ்டி கவசத்தை வாய்க்குள் முணுமுணுத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் குழந்தைகளின் குடை ராட்டினத்தில்கூட அவர் ஏறியதில்லை.

மகன் அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு அருகே இருக்கிறான். 2023 ஜூன் கடைசியில் அவனிடம் போயிருந்தபோது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோமே என்று, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒஹாயோ மாநிலத்துச் சாண்டஸ்கி ஊரிலுள்ள சீடர் பாயின்ட் பூங்காவுக்கு அழைத்துப்போனான். அவனுக்குத் தலைசுற்றல், மருமகளிடம் இரண்டு வயதுப் பேரன். ஆகவே இளையவர்கள் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்துகொண்டு, முதியவர்களை மேலே அனுப்பிய விசித்திரமான ஏற்பாடு அது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் காட்டி, ஏறலாம் என்ற ஒப்புதலை நான் வாங்கி வைத்திருந்தேன். அந்தச் செய்தியை என் கணவரிடம் காரில்தான் சொன்னேன்.

ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலநாக்கின்மேல் அமைந்த பூங்கா அது. 1870-இல் வெறும் குளிக்கும் கடற்கரையைப் போலத் தொடங்கிய இடம். பாலச்சாலையில் போகும்போது தண்ணீருக்கு அப்பால் இரும்பு மேடுகள் வரிசையாகத் தெரிகின்றன. ஊர் எல்லையில் கோபுரம் தெரிந்தவுடன் கும்பிடுகிற பழக்கத்தில் என் கைகள் தாமாகவே குவிந்தன.

முதலில் எதில் ஏறுவது என்பதில்தான் எங்கள் அனுபவத்தின் பயனே இருக்கிறது. உயரம் குறைந்ததுதான் மென்மையானது என்று நாங்கள் நம்பினோம். ஆகவே, 1964-ஆம் ஆண்டிலிருந்து ஓடும், 78 அடியே உயரமுள்ள புளூ ஸ்ட்ரீக் என்ற மரச் சவாரியைத் தேர்ந்தெடுத்தோம். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், பள்ளிக்கூடத்துப் பெயர் கொண்டது நம்மை என்ன செய்துவிடும் என்று எனக்கு ஒரு தைரியம். ஆனால் மரப்பாதை சற்றே வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் வண்டி கீழ்நோக்கித் திரும்பிவிட, உடலோ தான் வந்த திசையிலேயே போகப் பார்க்கும். இருக்கைக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்ததை, அது நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே நான் உணர்ந்தேன். எடையின்மை என்ற சொல்லை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவள் நான். அது வயிற்றுக்குள் தொடங்கும் ஒரு வெறுமை என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. மாட்டுவண்டி மேட்டில் தூக்கிப் போடுவதைப் போல வண்டி கடகடத்துக்கொண்டு திரும்பி வந்தது. என் கணவர் இறங்கியதும் சொன்னது ஒரே வாக்கியம்: "இதுதான் இருக்கிறதிலேயே சின்னதா?"

அடுத்து ஜெமினி. 1978-ஆம் ஆண்டுச் சவாரி. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் போட்டியிட்டு ஓடும். நாங்கள் தோற்றோம்.

பிறகு மில்லேனியம் ஃபோர்ஸ். 310 அடி உயரம். 2000-ஆம் ஆண்டில் இது திறக்கப்படும்வரை, சுற்று முழுவதையும் ஓடி முடிக்கும் ரோலர் கோஸ்டர்களில் எதுவும் 300 அடியைத் தொட்டதில்லை. வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நான் பயத்தை மறக்க மளிகைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். இறக்கம் 300 அடி, அதாவது ஏறத்தாழ 91.4 மீட்டர். மேலே உள்ள நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றலாக மாறினால், நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போக, வேகம் நொடிக்கு 42.3 மீட்டர், மணிக்கு 152 கிலோமீட்டர். பூங்கா சொல்லும் வேகம் மணிக்கு 93 மைல், அதாவது 150 கிலோமீட்டர். ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம் ஒரு மலையளவு இரும்பை இவ்வளவு நெருக்கமாகக் கணித்துவிட்டதே என்று நான் பூரித்துப்போய்ச் சீட்டை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "மீதி ரெண்டு கிலோமீட்டர் எங்கே, டீச்சர்?" என்றார். வங்கியில் நாள்முடிவில் இரண்டு ரூபாய் இடித்தாலும் இரவு பத்து மணிவரை பேரேட்டைப் புரட்டியவர் அவர். காற்றும் உராய்வும் தின்றுவிட்டன என்றேன். "அப்போ அதுக்கும் ஒரு பற்று எழுதணும்" என்றார். பேச்சு இப்படியே போனதில், இடுப்புவாரைக் கட்டித் தடுப்புக்கம்பியைத் தொடைமேல் அழுத்திவிட்டு ஊழியர் கட்டைவிரலை உயர்த்தும் வரை, நாங்கள் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டதையே அவர் கவனிக்கவில்லை.

பழைய சவாரிகளில் சங்கிலிதான் வண்டியை மேலே இழுக்கும். வண்டி பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் பற்கள் படிக்குப் படி விழுவதால் 'டக் டக்' என்று ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே இழுப்பது மின்தூக்கியைப் போன்ற எஃகு வடம். ஓசை அதிகம் இல்லை. ஏற்றம் 45 பாகைச் சரிவில் விறுவிறுவென்று முடிந்துவிடுகிறது. கவசத்தின் "காக்க காக்க" வரும் முன்பே உச்சி வந்துவிட்டதாக அவர் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு பக்கம் ஏரி, கரை தெரியாத நீலம். அந்த வாரம் ஏரியிலிருந்து எழும் மேஈக்களின் பருவம் வேறு. வளர்ந்த பின் ஓரிரு நாளே வாழும் மெல்லிறகுப் பூச்சிகள் அவை. கூட்டம் பெரிதாக எழும் இரவுகளில் வானிலை ராடாரிலேயே மேகம்போலத் தெரியுமாம். அவற்றில் ஒன்று, வண்டி உச்சியில் மெதுவாகும்போது, தடுப்புக்கம்பியைப் பிடித்திருந்த என் கணவரின் மோதிர விரலில் வந்து உட்கார்ந்தது. இரண்டு வால்மயிர், கண்ணாடிபோன்ற இறகு, எந்த அவசரமும் இல்லை. நாங்கள் இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பாதை காணாமல் போயிற்று.

இறக்கத்தின் சரிவு 80 பாகை, அதாவது ஏறக்குறைய நேர்க்குத்து. ஆனால் நான் உறுதியாகச் சொல்வேன், அந்தப் பெரிய இறக்கம் புளூ ஸ்ட்ரீக்கைவிட மென்மையானது. எஃகுப்பாதையின் வளைவு சீராக இருப்பதால் விசை ஒரேயடியாக அறையாமல் படிப்படியாக ஏறுகிறது. பள்ளத்தில் உடல் கனத்து இருக்கைக்குள் அமிழ்கிறது, கன்னங்கள் கீழே இழுபடுகின்றன, அடுத்த திருப்பத்தில் பாதை செங்குத்தையும் தாண்டிச் சாய்ந்தும் பக்கவாட்டில் யாரும் சரிவதில்லை. நம்மைப் பயமுறுத்துவது உயரமோ வேகமோ அன்று. விசை எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்பதுதான். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானத்தில் காப்பி குடிக்கிறோமே! வயதானவர்கள் சிறியது, பழையது என்று பார்த்து ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டு, பெரியவற்றின் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று சொல்லவே இவ்வளவும் எழுதுகிறேன்.

மதியம் காரில் வைத்திருந்த புளிச்சோற்றை அளவோடு சாப்பிட்டோம். பூங்காவில் வினிகர் தெளித்து உண்ணும் உருளைக்கிழங்கு வறுவல் பேர்போனது. இன்னும் ஏற வேண்டியிருந்ததால் நான் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

அடுத்ததாக, 1989-இல் 200 அடியைத் தாண்டிய முதல் முழுச்சுற்றுச் சவாரி என்று பெயர்பெற்ற மேக்னம். இதில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வண்டியின் பெரும்பகுதி உச்சியைக் கடந்து கீழே பாயத் தொடங்கிய பிறகே கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதால், முன்னால் இருப்பவர்கள் மெதுவாகக் கடந்த மேட்டை நாம் இழுபட்டு வேகமாகக் கடக்கிறோம். ஏரிக்கரையை ஒட்டித் திரும்பி வரும் குட்டி மேடுகள் ஒவ்வொன்றிலும் தடுப்புக்கம்பி தொடையில் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே வந்தது. இதற்கென்றே இந்தச் சவாரியைத் தேடி வரும் ரசிகர்கள் உண்டாம். இறங்கியதும் என் கணவர் நிழலான பெஞ்சில் அமர்ந்து, வறுவலும் புளிச்சோறும் உள்ளே சமாதானம் பேசிக்கொண்டிருப்பதாக அறிவித்து ஓய்வு பெற்றார்.

ஆகவே ஸ்டீல் வெஞ்சன்ஸில் நான் மட்டும் ஏறினேன். 1991-ஆம் ஆண்டு மரச் சவாரி ஒன்றின் கட்டுமானத்தைப் பெருமளவு வைத்துக்கொண்டு, எஃகுப்பாதை பதித்து 2018-இல் திறந்தது. இறக்கம் முழுமையான 90 பாகை, நான்கு இடங்களில் தலைகீழ். பக்கத்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண். புறப்படும்போது அவள் தன் உள்ளங்கையை என் பக்கம் திறந்து நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் போனபோது சக்கரங்களைத்தான் நினைத்தேன். பாதையின் மேலே ஒரு வரிசை, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருப்பதால்தான் வண்டி பாதையை விட்டு எழ முடிவதில்லை. தெரிந்த விஷயம் பயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் பயப்படும்போது நினைத்துக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருந்தது.

ஷார்ஜாவிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதுகிறார்:

அம்மா, விசை மாறும் விதம்தான் பயம் என்று நீங்கள் எழுதியதற்கு எங்களிடம் ஒரு சாட்சி இருக்கிறது. நானும் மனைவியும் 2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை அபுதாபி யாஸ் தீவிலுள்ள ஃபெராரி வேர்ல்டுக்குப் போனோம். அங்குள்ள ஃபார்முலா ரோஸா அப்போது உலகிலேயே வேகமான ரோலர் கோஸ்டர். மணிக்கு 240 கிலோமீட்டர், அந்த வேகத்தை எட்ட வெறும் 4.9 நொடி. மலையேற்றமே இல்லை, நீரியல் விசையால் கவண்கல்லைப் போல எறிந்துவிடுகிறார்கள். மணல்துகள் கண்ணில் படாதிருக்கக் கண்ணாடி தருகிறார்கள். நீச்சல்காரர்களைப் போல அதை மாட்டிக்கொண்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் புறப்பட்டுவிட்டது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது, மூச்சு உள்ளே போன இடத்திலேயே நிற்கிறது. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பயப்பட நேரமே தரவில்லை என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. அதே பூங்காவில் முதலில் மேலே ஏற்றிவிட்டு, 52 மீட்டர் உயர வளையத்தில் சுற்றும் ஃப்ளையிங் ஏசஸ்தான் அவருக்குப் பிடித்தது; இரண்டாம் முறையும் ஏறினார். ஏற்றத்தின்போது கையைப் பிடித்துக்கொள்ளச் சற்று அவகாசம் கிடைக்கிறது என்று காரணம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

சென்னையிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போனபோது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. கால்கள் அந்தரத்தில் தொங்கப் பாதைக்கு அடியில் பறக்கும் தஞ்சோராவில் நான் தனியாக ஏறினேன். மேலிருந்து கையசைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மேலே போனதும் எது வானம், எது அவள் என்று பிரித்தறிய முடியவில்லை. கீழே அவளோ வரிசையாகத் தொங்கிய கால்களில் எந்த ஜோடி என்னுடையது என்று சாக்ஸின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி: முதல்முறை ஏறுபவருக்கு எந்த வரிசை நல்லது?

திருச்சி ஆசிரியையின் பதில்:

பொதுவாக நடுவரிசை. கடைசி வரிசை இழுத்துப் போடும், முதல் வரிசையில் எதிரே மறைப்பு இல்லாததால் பள்ளம் முழுவதும் தெரியும். நடுவில் இரண்டும் சற்றுக் குறைவு. ஏறும் முன் நுழைவாயிலில் மாதிரி இருக்கை வைத்திருந்தால் உட்கார்ந்து பாருங்கள். தலையை இருக்கையில் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கழுத்துவலியில் பாதி, தலையை முன்னால் நீட்டி வேடிக்கை பார்ப்பதால் வருவது. உங்கள் மனைவி நலமாகப் பிள்ளை பெற்று, மருத்துவரும் சரியென்று சொன்ன பிறகு, அடுத்த முறை சாக்ஸைத் தேடும் வேலை உங்களுடையது.

என் கணவர் இதைப் படித்துவிட்டு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். மில்லேனியம் ஃபோர்ஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது வண்டியை நிறுத்துவது காந்தம். உலோகத் தகடும் காந்தமும் ஒன்றையொன்று கடக்கையில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் ஓட்டத்தை எதிர்க்கிறது, மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும் என்று அன்று நான் அவருக்கு விளக்கியிருந்தேன். இதைப் பொருட்காட்சிக்காரரிடம் அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. ராட்டினத்துக்கு அது பொருந்தாது என்று எத்தனை முறை சொல்லியும் ஏற்கவில்லை. அந்த மளிகைச் சீட்டு இப்போது அவருடைய வங்கிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. என் 152-க்குக் கீழே, பென்சிலில், 'குறைவு 2, விசாரணையில்' என்று எழுதி வைத்திருக்கிறார்.