மறு: ஹேலோவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபார்முலா 1 காரில் ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும் பாதுகாப்பு வளையமான ஹேலோவுக்கு, நம் சொற்பட்டியலுக்காக இதுவரை ஒளிவட்டம், தலைக்கவசம், திருவாசி, சும்மாடு என நான்கு சொற்கள் வந்துள்ளன. 'காப்பு' என்பதை வைத்து ஒரு சொல் அமைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. சும்மாடு கிண்டலுக்குச் சொன்னது என்று தெரியும். ஆனால் நான்கில் அதுதான் விஷயத்துக்குக் கிட்டே போகிறது என்பது என் எண்ணம்.

> ஹேலோ என்றால் ஒளிவட்டம்தானே? அப்படியே வைத்துவிடலாம்.

உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "லெக்லேரின் ஒளிவட்டத்தில் அலோன்சோவின் கார் உரசியது." படிப்பவர் ஏதோ புராணம் என்று நினைத்துவிடுவார். உருவத்தை வைத்துத்தான் பெயர் என்றால், 2016இல் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் ஃபெராரி இதை முதலில் மாட்டிக்கொண்டு வந்தபோது பலருக்கும் நினைவுக்கு வந்தது ரப்பர் செருப்பின் வார். அந்தப் பெயரை யாரும் முன்மொழிய மாட்டோம் இல்லையா?

> தலைக்கவசம் என்பது எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஹெல்மெட் என்று புரியும். அது ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். இன்னொரு சிக்கலும் உண்டு. கவசம் என்றால் முழுக்க மூடியது என்ற எண்ணம் வரும். இது மூடுவதில்லை. 2009 ஜூலையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு விபத்துகள் நடந்தன. பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் ஃபார்முலா 2 பந்தயத்தின்போது வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் அடித்து ஹென்றி சர்ட்டீஸ் இறந்தார். அடுத்த வாரம் ஹங்கேரியில் பாரிக்கெல்லோவின் காரிலிருந்து தெறித்த சுருள்வில் ஒன்று ஃபெலிப்பே மாசாவின் ஹெல்மெட்டில் மோதியது. அவர் பிழைத்தார். சுருள்வில்லின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஹேலோ இருந்திருந்தால் முதலாவதில் சக்கரம் அதில் பட்டு விலகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியாது. சின்னப் பொருள் இடைவெளி வழியாக உள்ளே வரலாம். இந்த வித்தியாசத்தை மறைக்கிற சொல் எனக்கு உவப்பாக இல்லை.

திருவாசி அழகான சொல்தான். ஆனால் அது சாமிக்குப் பின்னால் நிற்பது, எதையும் தாங்குவதில்லை.

> பாதுகாப்பு கூடியது என்பதே விளம்பரம். அதற்குப் போய் 'காப்பு' என்று பெயர் வைப்பானேன்?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் சொல் சரியா என்பது இந்தக் கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.

2018இல் பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதைக் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பு சாதாரணமானது அல்ல. முன்னாள் உலகச் சாம்பியன் நிக்கி லௌடா எதிர்த்தார். மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப், கையில் ரம்பம் கொடுத்தால் அறுத்தே போட்டுவிடுவேன் என்கிற அளவுக்குப் பேசினார். இதற்கான முதல் யோசனை கிளம்பியதே மெர்சிடிஸிலிருந்துதான் என்பது வேடிக்கை. பார்வை மறைக்கும், அசிங்கமாக இருக்கிறது, தீப்பிடித்தால் வெளியே வர முடியாது என்றெல்லாம் சொன்னார்கள். பார்வை விஷயம் சீக்கிரமே அடங்கிவிட்டது. ஓட்டுநருக்கு முன்னால் நடுவில் நிற்கும் ஹேலோவின் தூண் மெல்லியது. இரண்டு கண்ணாலும் தூரத்தைப் பார்க்கும் ஓட்டுநருக்கு அது பெரிய தொந்தரவு இல்லை.

ஹேலோ செய்யப்படுவது டைட்டேனியத்தில், எடை சுமார் 7 கிலோ. மேலிருந்து 116 கிலோநியூட்டன் விசையை, அதாவது ஏறக்குறைய 12 டன் எடையை, அது தாங்கிக் காட்ட வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பாருங்கள்.

2018 ஸ்பா பந்தயத்தில் அலோன்சோவின் கார் பறந்து லெக்லேரின் காருக்கு மேலே போனது. ஹேலோவில் தடம் பதிந்திருந்தது. அது இல்லாவிட்டால் முன் இறக்கையின் ஓரம் ஹெல்மெட்டில் பட்டிருக்கும் என்றும், எவ்வளவு அடிபட்டிருக்கும் என்று சொல்வது கடினம் என்றும் எஃப்.ஐ.ஏ. நிதானமாகவே சொன்னது. 2021 மொன்சாவில் வெர்ஸ்டாப்பனின் பின்சக்கரம் ஹாமில்டனின் தலைக்கு மேல் ஏறியது. அதைத் தாங்கியது ஹேலோ. ஹேலோவை முதலில் பார்த்தபோது ஃபார்முலா 1 வரலாற்றிலேயே அசிங்கமான மாற்றம் என்ற ரீதியில் சொன்னவர் அதே ஹாமில்டன்.

2020 பஹ்ரைன் விபத்துதான் பலரின் வாயை அடைத்தது. குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போய், இரண்டாக உடைந்து தீப்பிடித்தது. தலை போகிற உயரத்தில் இருந்த இரும்புப் பட்டைகளை விலக்கித் தள்ளியது ஹேலோ. தீப்பிடித்தால் வெளியே வர முடியாது என்றார்களே, அரை நிமிடத்துக்குள் அவர் தானாகவே ஏறி வந்தார், கைகளில் தீக்காயங்களோடு. அவரும் முன்பு ஹேலோவை எதிர்த்தவர்தான். மருத்துவமனையிலிருந்தே கருத்தை மாற்றிக்கொண்டார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2022 சில்வர்ஸ்டோன். சோ குவான்யுவின் கார் தலைகீழாகச் சறுக்கியது. கார் புரண்டால் தலையைக் காப்பதற்கென்றே ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு வளையம் உண்டு. அது பெயர்ந்துபோனது. மிச்ச தூரம் முழுக்கச் சுமையைத் தாங்கியது ஹேலோ. எஃப்.ஐ.ஏ. விதிநூலில் இதன் முறையான பெயரே 'இரண்டாம் புரள் கட்டமைப்பு' என்ற பொருளில்தான் இருக்கிறது.

எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். 2014 சுசூகாவில் ஜூல் பியாங்கி மோதியது தடத்தோரம் நின்ற மீட்பு வண்டியில். அந்த வேகத்தில் அவ்வளவு கனமான வண்டியில் மோதினால் ஓட்டுநர் இடத்தை மூடியிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்பது விசாரணைக் குழுவின் முடிவு. அந்த விபத்துக்குத் தீர்வு, ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடி இருக்கும் இடத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து ஓட வேண்டும் என்கிற மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை அங்கிருந்துதான் வந்தது. ஆக, ஹேலோ எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பெரிய பொருள், கனமான பொருள், கவிழ்வது: இந்த மூன்றுக்கும் அது காப்பு. அந்த அளவில் பாதுகாப்பு கூடியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது சும்மாட்டுக்கு வருகிறேன். சொன்னவர் பாரம் தாங்குவதுதான் இதன் வேலை என்பதைப் பிடித்துவிட்டார். என்ன, சும்மாடு பாரத்தைத் தலைக்கு இறக்கும். இது தலைக்கு வராமல் காரின் உடலுக்கு இறக்கும்.

என் முன்மொழிவு 'காப்புவளை'. காப்பு என்றால் பாதுகாப்பு, கையில் போடும் வளையமும் காப்புதான். முதலில் 'காப்பு வளைவு' என்று யோசித்தேன். பந்தயத்தில் வளைவு என்றாலே திருப்பம், அதனால் விட்டுவிட்டேன். 'காப்புச் சட்டம்' என்றால் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது போல இருக்கிறது. கூடவே இரண்டு சொற்கள்: பின்னால் இருக்கும் வளையத்துக்குப் 'புரள்தாங்கி', அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் 2020 முதல் இருக்கும், ஓட்டுநருக்கு முன்னால் திரை போட்ட ஏரோஸ்கிரீனுக்குக் 'காப்புத்திரை'. மூன்றுக்கும் பொதுவாக 'தலைக்காப்பு'. அடித்துத் துவைக்கலாம்.

---

வணக்கம் ஐயா,

காப்புவளை எனக்குச் சம்மதம். காப்புத்திரை பற்றி மட்டும் ஒரு குறிப்பு. இண்டிகாரில் இருப்பது வெறும் திரை இல்லை. மேலே டைட்டேனியம் சட்டம், முன்னால் பாலிகார்பனேட் திரை. 2015இல் பொக்கோனோ தடத்தில் உடைந்த கார்மூக்கு தலையில் விழுந்து ஜஸ்டின் வில்சன் இறந்த பிறகு அங்கே இந்த வேலைகள் வேகம் பிடித்தன. நீள்வட்டத் தடத்தில் சிறு துண்டுகள் பறப்பது அதிகம் என்பதால் அவர்களுக்குத் திரையும் வேண்டியிருந்தது. ஆகவே வளை, திரை என்று எதிரெதிராக வைக்காமல், 'காப்புத்திரை: காப்புவளையும் திரையும் சேர்ந்தது' என்று விளக்கம் எழுதிவிடலாம். ஃபார்முலா 1இலும் திரை ஒன்றைச் சோதித்தார்கள். 2017 சில்வர்ஸ்டோனில் ஃபெட்டல் ஒரு சுற்று போய்விட்டுத் தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டார்.

இன்னொன்று. 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் இது இருந்தது. பார்க்க வந்த பையன்களுக்கு அது ஹேலோதான். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கட்டுரையில் முதல்முறை 'காப்புவளை எனப்படும் ஹேலோ' என்று எழுதி, அப்புறம் காப்புவளை என்றே தொடரலாம்.

---

சரி, விளக்கத்தை அப்படியே மாற்றிவிடுகிறேன். சொற்பட்டியலில் காப்புவளை, காப்புத்திரை, புரள்தாங்கி, தலைக்காப்பு நான்கையும் ஏற்றுகிறேன். ஓட்டுநர் உட்காரும் காக்பிட்டுக்கு 'விமானி அறை' என்று யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். பந்தயக் காரில் விமானியும் இல்லை, அறையும் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.