திவானியாவுக்குக் கூப்பிடுகிறார், போகலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
குவைத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு கிடங்கில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். பக்கத்து மேஜையில் ஒரு குவைத்திக்காரர், ரிட்டையர் ஆக இரண்டு வருடம்தான் பாக்கி. பாஸ்போர்ட்டில் பாலக்காடு, வாயில் தமிழ் என்றால் அவருக்குப் புரியவில்லை. எங்கள் பார்டர் கதையைச் சொல்லி முடிக்கவே இரண்டு டீ ஆனது. அன்றிலிருந்து தினமும் பேச்சுதான், பாதி இங்கிலீஷ், பாதி இந்தி.

இந்த ஊர் கொஞ்சமாவது பிடிபட்டது அவரால்தான். ஜம்இய்யா என்றால் வெறும் சூப்பர்மார்க்கெட் என்று நினைத்திருந்தேன். கூட்டுறவுச் சங்கமாம். அந்தந்த ஏரியா குவைத்திக்காரர்கள்தான் பங்குதாரர்கள். லாபத்தில் பங்கு உண்டு, நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. எந்தக் குடும்பம் யார் பக்கம் சாயும் என்று விரல் விட்டுச் சொல்கிறார். எனக்கு எங்கள் ஊர் கூட்டுறவு வங்கித் தேர்தல்தான் ஞாபகம் வந்தது. பெரியப்பா ஒரு பேனல், சித்தப்பா எதிர் பேனல். ஒரு ஓணம் முழுக்க இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. இதைச் சொன்னதும் மனுஷர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

இப்போது வியாழக்கிழமை ராத்திரி அவர் வீட்டுத் திவானியாவுக்கு, அதாவது ஆண்கள் கூடி உட்கார்ந்து பேசும் வரவேற்பறைக்கு, வரச் சொல்கிறார். போகலாமா? அரசியல் பேச்சு வந்தால் என்ன செய்வது?

செங்கோட்டை அண்ணாச்சி:
தம்பி, கண்டிப்பாகப் போங்கள். நானும் பார்டர் ஆள்தான், 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இங்கே 2006-இல் வந்தேன்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சலாம் சொல்லி, வலது பக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போங்கள். கஹ்வா (அரபுக் காபி) சின்னக் கிண்ணத்தில் வரும், வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் ஓட்டு கேட்டு வந்ததே திவானியாவுக்குத்தான். மஜ்லிஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, 50 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், தொகுதி 5, தொகுதிக்கு 10 பேர். முன்பு ஓர் ஆள் நாலு பேருக்கு ஓட்டுப் போடலாம், 2012-இல் அதை ஒன்றாகக் குறைத்தார்கள். நாலு ஓட்டு இருந்தபோது ‘நீ என் ஆளுக்குப் போடு, நான் உன் ஆளுக்குப் போடுகிறேன்’ என்று பேரம் பேச முடிந்தது, ஒரே ஓட்டானதும் அது போய்விட்டது. அதனால் இன்றைக்கும் இதைச் சொன்னால் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை 2005-இல்தான் வந்தது. 2009-இல் நாலு பெண்கள் ஜெயித்தார்கள். நான் போகும் திவானியாவில் பெண்களுக்கு ஓட்டு கொடுப்பதை எதிர்த்த ஒரு பெரியவர் இருந்தார். தன் மகள் யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை, அந்த வருத்தம் வேறு.

2024 மே மாதம் நாட்டை ஆளும் அமீர் மஜ்லிஸைக் கலைத்துவிட்டார். அதைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அமீரைப் பழித்துப் பேசுவது சட்டப்படி குற்றம்.

குமுளி நர்ஸ்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. குடியுரிமைப் பேச்சைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். 2024-லிருந்து நிறையப் பேருக்கு ரத்தாகியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். அப்புறம், பெண்களுக்கும் தனியாகத் திவானியா உண்டு. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், அரசியல் அங்கே இன்னும் காரம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
போய்விட்டு வந்தேன். ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் கொண்டுபோனேன், பத்தே நிமிடத்தில் காலி. கிண்ணத்தை ஆட்ட மறந்து ஐந்து கஹ்வா குடித்தேன். விடியும்வரை தூக்கமில்லை. மஜ்லிஸைப் பற்றி யாரும் பேசவில்லை. நம்மவர் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிட்டு, பெரியப்பா கதையை அரபியில் எடுத்துவிட்டார். மூலையில் இருந்த தாத்தா ஒருவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஜெயித்தது பெரியப்பாவா, சித்தப்பாவா என்று. சித்தப்பா என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் ஏரியா ஜம்இய்யா தேர்தல்தான்.