புருணைக்குக் கடைப் பாதுகாப்புப் பொருள்களை அனுப்பலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டறைக்காரர்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய பட்டறை நடத்துகிறேன். பால்மாவு, சவரக்கத்தி, கைப்பேசி போன்ற எளிதில் களவு போகும் பொருள்களைக் கடைகளில் பூட்டி வைப்பதற்கான அக்ரிலிக் பெட்டிகளைச் செய்கிறோம். அவற்றோடு, சீனாவிலிருந்து தருவித்த, பொருளில் பொருத்தும் களவுத்தடுப்பு டேக்குகளையும், டேக்கோடு பொருள் வெளியே போனால் ஒலியெழுப்ப வாசலில் நிறுத்தும் ஆன்டெனாக்களையும் ஈப்போ வட்டாரப் பேரங்காடிகளுக்கு விற்கிறோம். இங்கே போட்டி மிகுந்துவிட்டதால் புருணைமீது கண் வைத்திருக்கிறேன். ஏறத்தாழ 4.5 இலட்சம் பேர் வாழும் நாட்டில் இத்தொழிலுக்கு இடமுண்டா? பொருள் ஆசியானில் உருவானது என்று சான்று தரும் டி படிவம் எடுத்தால் எல்லாவற்றையும் சலுகை வரியில் அனுப்பலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரிதானா?

மறுமொழி 1: கிள்ளான் சரக்கு முகவர்

நண்பர் சொன்னது பாதிதான் சரி, ஐயா. டி படிவம் ஆசியானில் உருவான பொருளுக்கு மட்டுமே உரியது. பொதுவிதிப்படி, ஆசியான் மதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் சுங்கத் தலைப்பு (வரிப்பட்டியலில் அது சேரும் வகை எண்) இங்கு நடக்கும் வேலையால் மாறியிருக்க வேண்டும். தகட்டை வெட்டி வளைத்து ஒட்டிச் செய்யும் உங்கள் பெட்டி தகுதி பெற வாய்ப்புண்டு. சீன டேக்கைப் பை மாற்றி அனுப்பினால் தகுதி பெறாது. பெட்டியின் செலவுக் கணக்கோடு மித்தியில் (முதலீடு, வாணிப, தொழில் அமைச்சில்) விண்ணப்பியுங்கள். ஆன்டெனா வானலையை வெளியிடும் கருவி என்பதால், புருணையில் தகவல்தொடர்புத் துறையைக் கவனிக்கும் ஆய்த்தி ஆணையத்திடம் என்ன ஒப்புதல் வேண்டுமென்று வாங்குபவர் வழியாகக் கேட்டறியாமல் கப்பலேற்ற வேண்டாம்.

மறுமொழி 2: மீரி தொழில்நுட்பர்

படிவத்தைவிடப் பெரிய கேள்வி, அங்குள்ள கடைவாசலில் ஏற்கெனவே என்ன நிற்கிறது என்பதே. இத்துறையில் 8.2 மெகாஹெர்ட்ஸ் வானலை முறையும் 58 கிலோஹெர்ட்ஸ் காந்த முறையும் பரவலாக உள்ளன; ஒன்றின் டேக்கை மற்றதன் ஆன்டெனா கண்டுகொள்ளாது. ஆன்டெனா வாங்கிய கடைக்காரர் பல ஆண்டுகளுக்கு அதை மாற்றமாட்டார், ஆனால் டேக்காகப் பொருளில் ஒட்டும் லேபிள்கள் பொருளோடு வெளியேறிவிடுவதால் அவற்றைத் தொடர்ந்து வாங்கியே தீர வேண்டும். கடைகள் குறைவான சந்தையில் புதிய ஆன்டெனா விற்பனை விரைவில் வற்றிவிடும். நிலைத்த வருமானம் லேபிளிலும், எந்த முறைக்கும் ஒத்துப்போகும் உங்கள் பெட்டியிலும்தான் இருக்கிறது. டின்னிலும் ஈயத்தாள் உறையிலும் வானலை லேபிள் சரியாக வேலை செய்யாது என்பதால் பால்மாவுக்குப் பெட்டியே பொருத்தம்.

மற்றவை எளியவை. மின்சாரமும் மூன்று முனைச் செருகியும் நம் நாட்டில் உள்ளவைதாம். புருணை டாலர் 1967 முதல் சிங்கப்பூர் டாலருக்குச் சமமாக மாற்றப்படுவதால், சிங்கப்பூர் டாலரில் விலை சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 2 வரை அங்கே கடைகள் மூடியிருக்கும். அந்நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆன்டெனாவை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் அனுப்பினால், திறக்கும் காந்தச் சாவியையும் நானே தர வேண்டுமா?

மறுமொழி 2: மீரி தொழில்நுட்பர்

ஆம், ஐயா. கடைக்கு இரண்டு சாவிகளாவது கொடுங்கள். ஒன்று பழுதானால் கல்லாவில் வரிசை நின்றுவிடும். மாற்றுச் சாவியைப் பண்டார் செரி பெகவானில் ஒரு முகவரிடம் இருப்பு வைக்காமல் முதல் கொள்முதலை ஏற்காதீர்கள்.