12பி வால்நட்சத்திரம்: அளவீடு எப்போதும் 5 வில்விநாடி பின்தங்குகிறது

நாஞ்சில்வானம்:
2024 மார்ச்சில் முட்டம் கடற்கரையில் எடுத்த பான்ஸ்-புரூக்ஸ் (12பி) வால்நட்சத்திரப் படங்களை இப்போது அஸ்ட்ரோமெட்ரிக்காவில் (விண்பொருளின் இடத்தை அளக்கும் மென்பொருள்) அளக்கிறேன். டிஎஸ்எல்ஆர், 400 மிமீ லென்ஸ், 60 விநாடி. பிக்சலுக்கு 2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). விண்மீன்கள் கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலோடு 0.4 வில்விநாடிக்குள் பொருந்துகின்றன. வால்நட்சத்திரம் மட்டும் மூன்று இரவிலும் கணித்த இடத்துக்கு 5 வில்விநாடி பின்னால், நகரும் பாதையிலேயே இருக்கிறது. நம்மூரில் துருவ நட்சத்திரம் 8 பாகை உயரம்தான், கேமராவை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் மவுண்டைச் சரியாக அமைக்க முடியவில்லை. அதனாலா?

வேளிமலை:
இல்லை தம்பி. மவுண்ட் தவறினால் விண்மீன்களும் சேர்ந்தே இழுபடும். பிழை பாதையை ஒட்டியே விழுந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த மாதம் 12பி நாளுக்குச் சுமார் 1 பாகை நகர்ந்தது, அதாவது நிமிடத்துக்கு 2.5 வில்விநாடி. கேமரா 2 நிமிடம் முந்தி ஓடினால் சரியாக இந்த 5 வரும். எக்ஸிஃபில் (படக்கோப்போடு கேமரா பதியும் தகவல்) இருப்பது பெரும்பாலும் படம் தொடங்கிய நேரம். 30 விநாடி கூட்டி நடு நேரத்தைக் கொடுத்தீர்களா? கூட்டவில்லை என்றால் கடிகாரப் பிழை 2½ நிமிடம். இனிமேல் தொடக்கத்திலும் முடிவிலும் போனில் ஓடும் ஜிபிஎஸ் நேரத்தை அதே கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நாஞ்சில்வானம்:
கூட்டவில்லை அண்ணா. பழைய படங்களுக்கு இனி என்ன வழி?

தென்கோடி:
செயற்கைக்கோள் கோடு விழுந்த படங்களைத் தேடுங்கள். மாலை வானம், கட்டாயம் சில இருக்கும். அந்தத் தேதியின் டிஎல்இ-யை (செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தரவு) வைத்து, அந்தச் செயற்கைக்கோள் உங்கள் படத்தில் தெரியும் வானப் பகுதியைக் கடந்த நேரத்தைக் கணக்கிடுங்கள். அது எந்தப் படத்தில் விழுந்திருக்கிறதோ அதன் உண்மை நேரம் அரை நிமிடத்துக்குள் கிடைத்துவிடும். நாலைந்து கோடுகள் சேர்ந்தால் இன்னும் இறுகும்.

ஆனால் வால்நட்சத்திரத்தை வைத்தே கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். சூரியனை அண்மிக்கும் நேரம் கணிப்பிலிருந்து பிசகினாலும் பிழை இதேபோல் பாதையோடுதான் தெரியும். என்கே வால்நட்சத்திரம் 19-ஆம் நூற்றாண்டில் சுற்றுக்குச் சுமார் 2½ மணி நேரம் முந்தி வந்தது அப்படித்தான் பிடிபட்டது. வாயு பீச்சும் விசைதான் காரணம். 12பி-யை 1812-இல் பான்ஸ் கண்டார், வானியலாளர் என்கே அதன் சுற்றுக்காலம் சுமார் 71 ஆண்டு என்று கணித்தார், 1883-இல் புரூக்ஸ் மறுபடி கண்டார். இத்தனை நீண்ட சுற்றில் ஒவ்வொரு நேர்மையான அளவீடும் தேவை. கணிப்புக்கு ஏற்ப நேரத்தை நகர்த்தி மைனர் பிளானட் சென்டருக்கு (வால்நட்சத்திர, சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மையம்) அனுப்பினால், அவர்களுடைய கணிப்பையே திருப்பி அனுப்புகிறீர்கள்.

வேளிமலை:
இன்னொன்று: வால்நட்சத்திரத்தின் மையத்தைக் கண்டறிய மென்பொருளில் வைக்கும் அளவு வட்டத்தைச் சிறிதாக வையுங்கள், 3 பிக்சல் ஆரம் போதும். பெரிதானால் மையம் வால் பக்கம் இழுக்கும்.