அப்டேட்: தாத்தா பத்தின த்ரெட்

தாத்தா 91 வயசுல தவறினதுக்கு அப்புறம் அவர் வாழ்க்கைய எப்படி பதிவு பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல. நீங்க சொன்ன மாதிரியே அவர் டைரிய தேடி எடுத்தேன். தன்னைப் பத்தி ஒரு வரி இல்லங்க, எல்லாம் மழைக் கணக்கு, எந்த வயல்ல எப்ப பயறு மாத்திப் போட்டாரு (பயறு வேர் முடிச்சுல இருக்க பாக்டீரியா காத்துலேந்து நைட்ரஜன் பிடிக்கும்னு அவருக்கு தெரியாது, ஆனா அடுத்த வெள்ளாமை நல்லா வரும்னு தெரியும்), யாருக்கு எவ்ளோ விதை குடுத்தாருன்னுதான் இருக்கு. பக்கத்து வயல்காரர் படுத்துட்டப்ப அவங்க அறுவடைய முடிச்சிட்டுதான் நம்மளோடத தொட்டாராம், அப்பா சொல்லித்தான் தெரியும், டைரில "இன்னைக்கு லேட்டு" அவ்ளோதான். விதை லிஸ்ட்ல பாதி பேருக்கு நேரா "திரும்ப வரல"ன்னு எழுதிட்டு அடுத்த வருஷமும் அவங்களுக்கே குடுத்திருக்காரு 😄 ஸ்கேன் முடிஞ்சுது, இனி பாட்டி பேசறத ரெக்கார்ட் பண்ணணும்.