நலாக்சோன் கொடுத்த பிறகு அவனைப் போக விட்டுவிட்டேன்

ஊசி மாற்றுக் குழுவில் இருப்பவள்:
போதை ஊசி போடுபவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பதுதான் எங்கள் வேலை. அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஹெராயின் அளவு மீறிக் கிடந்த பையனின் உதடு நீலம். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெராயினை முறித்து மூச்சைத் திருப்பும் மருந்தான நலாக்சோனை மூக்கில் ஸ்பிரேயாக அடித்துவிட்டு, ஐந்து நொடிக்கு ஒன்றாக வாய்வழி மூச்சு கொடுத்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் கண் திறந்தான். உடனே கோபம். “உங்களை யார் கூப்பிட்டது?” வாந்தி எடுத்தபடியே எழுந்து நடந்தான். 30 முதல் 90 நிமிடத்தில் நலாக்சோன் இறங்கிவிடும், போட்ட சரக்கு அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். தெரிந்துதான் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்து “வராதீங்க அக்கா” என்றான். நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அண்ணன்:
என் தம்பி மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தவன். விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. குளியலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. குளிக்கிறான் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பழைய நண்பன்:
கோபிக்காதீர்கள். என் நண்பன் புது ஊசிப் பொட்டலத்தைக் காட்டி, “பார், இனி பயமில்லை” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்போது நிறுத்துவார்கள்?

ஊசி போட்டுக்கொண்டிருந்தவன்:
மேலே எழுதிய நண்பருக்கு. எங்களுக்கு அந்தப் பொட்டலம் கிடைக்கவில்லை. ஒரே ஊசி, நான்கு பேர். நான் மூன்றாவது ஆள். முனை மழுங்கி, தோலில் ஏறாமல் திரும்பத் திரும்பக் குத்தியது இன்னும் கையில் உறுத்துகிறது. ரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி வந்தது. புது ஊசி இல்லை என்பதால் அன்று ஒருவரும் போடாமல் இருக்கவில்லை. 1984-ல் ஆம்ஸ்டர்டாமில் ஊசி மாற்றத்துக்கு வழி செய்ததே போதைப்பொருள் பயன்படுத்துபவர்களின் சங்கம்தான். ஹெபடைடிஸ் பி பரவியது, அவர்களே கேட்டு வாங்கினார்கள். ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் மருந்தான மெத்தடோனுக்கு நான் போனதும் ஊசி கொடுத்த இடத்தில் ஒருவர் என் பெயரைக் கேட்டதால்தான்.

அக்கா, உங்களுக்கு ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. நலாக்சோன் சரக்கைச் சட்டென்று பிடுங்கிவிடும். எலும்பெல்லாம் வலிக்கும், குளிரும். எழுந்தவனிடம் முதலில் “மூச்சு நின்றிருந்தது, மருந்து கொடுத்தோம்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. திட்டாதீர்கள். ஒரு போர்வை கொடுங்கள். “இந்த வலி ஒரு மணி நேரத்தில் குறையும், அதற்குள் மறுபடி போடாதே” என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். அப்படியும் போனால் இன்னொரு ஸ்பிரேயை அவன் பையில் போட்டு, கூட இருப்பவனிடமும் காட்டிவிடுங்கள். தூக்க மாத்திரையும் சேர்த்து எடுத்திருந்தால் நலாக்சோன் அதை முறிக்காது. அப்போது மூச்சு கொடுப்பதை நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. மூச்சு வந்தபின் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நானும் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் போடுவேன்.