குடும்ப ஜெபத்தில் சாடையாகக் குறை சொல்வதைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: பாளையங்கோட்டை மருமகள்

எங்கள் வீட்டில் இரவு உணவுக்கு முன் குடும்ப ஜெபம் நடத்துவது என் மாமனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். பாமாலையிலோ கீர்த்தனையிலோ ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அத்தையின் ஜெபம், எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபம் என்று சிறிது நேரத்தில் முடிந்துவிடும். திருமணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்ததுமே அன்றைய அலுப்பில் பாதி தீர்ந்துவிடும்.

இப்போது சில மாதங்களாக அந்த நேரம் வந்தாலே மனம் கனக்கிறது. பகலில் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாத குறைகளை அத்தை இரவில் ஆண்டவரிடம் சொல்கிறார். பழைய மிக்ஸி பழுதாகி நான் புதியது வாங்கி வந்த அன்று, "வரவு அறிந்து செலவு செய்யும் ஞானத்தை இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாரும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். நான் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, "புகுந்த வீட்டைத் தன் வீடாக எண்ணும் இருதயத்தைக் கட்டளையிடும்" என்று மன்றாடினார். பெயர் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த நேரத்தில் என் மகன் ஒற்றைக் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்க்கிறான்.

கணவரிடம் சொன்னால், "ஜெபத்துக்குப் போய் யாராவது வருத்தப்படுவார்களா?" என்கிறார். ஆனால் போன வாரம் ஜெபிக்கும் முறை மகளுக்கு வந்தபோது, "என் பென்சிலைச் சொல்லாமல் எடுக்கும் தம்பிக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று அவளும் அதே தொனியில் ஜெபித்தாள். இதை இப்படியே விடக் கூடாது என்று அன்றுதான் தீர்மானித்தேன். என் இரண்டு பிரசவத்திலும் பெற்ற தாயைப் போல என்னைக் கவனித்துக்கொண்டவர் அத்தை. அவர் மனம் நோகாமலும், ஜெபம் நின்றுபோகாமலும் இதை எப்படிப் பேசுவது?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற உபதேசியார்

அன்பு மகளுக்கு ஸ்தோத்திரம். ஜெபத்தில் சொல்லிவிட்டால் அது குத்தலாகாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். லூக்கா சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் தேவாலயத்தில் ஜெபிக்கும் பரிசேயன், அதாவது யூத மத நெறிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன், அங்கே நிற்கும் வரி வசூலிப்பவனைக் குறித்து, "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று ஆண்டவரிடம்தான் பேசுகிறான். ஆனால் அவன் சொல் பாய்வது பக்கத்தில் நிற்பவன் மேல். இதை உங்கள் தெளிவுக்காக மட்டும் சொல்கிறேன். அத்தையிடம் இந்த வசனத்தை எடுத்துக் காட்டிவிட வேண்டாம். அவர் பெருமை பேசவில்லை, பிள்ளைகளுக்காகக் கேட்கிறார். கேட்கும் இடமும் விதமும்தான் பிழையாகிவிட்டன.

நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டிய வசனம் மத்தேயு 18:15. குற்றம் செய்தவனிடத்தில் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அவன் குற்றத்தை உணர்த்து என்கிறார் ஆண்டவர். அவன் கேட்காவிட்டால்தான் இன்னும் ஒருவர் இருவரோடு போக வேண்டும். சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகு. நம் வீடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவர் காதுக்கு வருகிறது. அந்தியோகியா பட்டணத்தில் அப்போஸ்தலர் பேதுருவை அப்போஸ்தலர் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தாரே என்று சிலர் கேட்பார்கள். பேதுரு யூதரல்லாத, புறஜாதி விசுவாசிகளோடு உண்பதை விட்டு விலகியது ஒரு சபையையே பிரிக்கும் காரியம். மிக்ஸி வாங்கியது அப்படிப்பட்டதன்று. அதே பவுல்தான் முதிர்வயதுள்ள பெண்களுக்குத் தாய்க்குச் சொல்வதுபோலப் புத்தி சொல்லும்படி தம் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆகவே தனிமையில், தாயிடம் பேசுவதுபோல, ஆனால் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 2: நாகர்கோவில் பாட்டி

நான் மாமியார் இடத்திலிருந்து எழுதுகிறேன், அம்மா. கணவர் போன பிறகு ஒரு வீட்டில் மூத்தவளின் பேச்சுக்கு எத்தனை இடம் மிஞ்சுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மகன் வேலை முடிந்து வந்தால் கைப்பேசியில் இருக்கிறான், பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், மருமகளுக்கு அலுவலகமும் அடுக்களையும். குறுக்கே பேசாமல் எல்லாரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஜெப நேரம் ஒன்றுதான். மனத்தில் கிடப்பதெல்லாம் அங்கே வெளியே வந்துவிடுகிறது. அது சரி என்று நான் வாதாடவில்லை, அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

அதனால் நியாயம் கேட்கப் போவதற்கு முன் அவர் பேசுவதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி வைத்து, அவருக்கு ஒரு தம்ளரும் உங்களுக்கு ஒரு தம்ளருமாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு சொன்னால் சண்டை, உட்கார்ந்து சொன்னால் பேச்சு. "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "என்மேல் குறை இருந்தால் என்னிடமே சொல்லுங்கள் அத்தை, ஜெபத்தில் கேட்கும்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அவர் பதில் பேசாமல் எழுந்து போனாலும் பின்னாலேயே போகாதீர்கள்.

மறுமொழி 3: மதுரையிலிருந்து ஒருவர்

பேச வேண்டியவர் உங்கள் கணவர். தாயிடம் மகன் சொன்னால் ஒரு நாள் வருத்தத்தோடு போய்விடும். மருமகள் சொன்னால் அது வருடக்கணக்கில் நிற்கும்.

மறுமொழி 4: தூத்துக்குடி கத்தோலிக்கர்

நாங்கள் வீட்டில் செபமாலை சொல்வதால் இந்தச் சிக்கல் குறைவு. செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்வுகளை மறையுண்மைகள் என்போம். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் மறையுண்மைகள் வியாழனில் என்று எல்லாம் வகுத்த செபங்கள். சொந்தச் சொல் நுழைய இடம் குறைவு. தொடக்கத்தில் வேண்டுதல் கருத்துகளைச் சொல்லும்போது மட்டும், யாருக்காக வேண்டுகிறோமோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டே சொல்வது என்று எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். பள்ளித் தேர்வு, முழங்கால் வலி என்று அவரவரே தங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் வழிபாட்டு முறை வேறானாலும் இந்த ஒன்றைப் பின்பற்றலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கணவர் பேசினால் நான்தான் தூண்டிவிட்டேன் என்று அத்தை எண்ணுவார் என்பதால், மதுரை நண்பரின் யோசனையை விட்டுவிட்டு நானே பேசினேன். பாட்டி எழுதித் தந்த வாக்கியத்தை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். அத்தை நெடுநேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் மாமா இருந்தவரைக்கும் வீட்டுச் செலவு என்னைக் கேட்காமல் நடந்ததில்லை" என்றார். ஜெபத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிக்ஸியின் விலையைக் கேட்டார். சொன்னேன், அதிகம் என்றார். அந்த மிக்ஸியை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்பதையும் பணிவாகச் சொல்லிவிட்டேன். இனி மாதத் தொடக்கத்தில் வரவு செலவு எழுதும்போது அவரும் உடன் உட்காருவார் என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம்.

தூத்துக்குடி நண்பர் சொன்னபடி, ஜெபத்துக்கு முன் அவரவர் தேவையை அவரவரே சொல்லும் வழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கியிருக்கிறோம். மகள் கணக்குத் தேர்வைச் சொன்னாள். பென்சில் வழக்கை மட்டும் ஜெபத்துக்கு வெளியே, தம்பியை நேரில் வைத்துக்கொண்டு தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.